ஒரே பேரேடு, பல கைகள்



பிளாக்செயின் திட்டங்களிடையே ஏற்படும் கூட்டாண்மையும், அத்திட்டங்களைச் சுற்றி மக்கள் ஒரு சமூகமாகத் திரள்வதும் இவ்வுரையின் பொருளாகும். விழா மேடைக்கு இப்பொருள் புதிது என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் இது வீட்டு வாசல்வரை வந்துவிட்ட பொருள். பொறியியல் பயின்ற இளைஞர்கள் இத்துறையில் வேலை தேடுகின்றனர். ஓய்வூதியம் பெறும் முதியோரின் கைப்பேசிக்கும் ‘எங்கள் குழுவில் சேருங்கள்’ என்னும் அழைப்பு வருகிறது. இன்ன நிறுவனம் இன்ன நிறுவனத்துடன் கைகோத்துவிட்டது என்ற செய்தியைக் காட்டிச் சேமிப்பைக் கேட்போரும் உளர். அக்கைகோப்பு உண்மையானதா, பெயரளவினதா என்று அளந்தறிய ஓர் அளவுகோல் தேவை. இத்துறையின் குறுகிய வரலாற்றிலேயே அவ்வளவுகோல் கிடைக்கிறது.

முதற்கண் பிளாக்செயின் என்பது யாது எனச் சுருக்கமாகக் காண்போம். ஓர் ஊரின் வரவுசெலவுப் பேரேடு கணக்கர் ஒருவர் வீட்டில் மட்டும் இருந்தால், ஊரார் அவரை நம்பித்தான் ஆக வேண்டும். அதே பேரேட்டின் படி ஊரிலுள்ள ஒவ்வொரு வீட்டிலும் இருந்து, புதிய பதிவு ஒவ்வொன்றையும் எல்லா வீட்டாரும் சரிபார்த்து எழுதிக்கொண்டால், ஒருவர் தம் ஏட்டைத் திருத்தினாலும் அத்திருத்தம் செல்லாது. பதிவுகள் கட்டுக் கட்டாகச் சேர்க்கப்படுகின்றன. ஒவ்வொரு கட்டும் தனக்கு முந்திய கட்டின் முத்திரையைத் தாங்கி நிற்கிறது. ஆதலின் பழைய பதிவு ஒன்றை மாற்ற முயன்றால் அதன் பின்வந்த முத்திரைகள் அனைத்தும் பொருந்தாமற் போய்விடும். சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் எழுதியவர் 2008 அக்டோபர் 31 அன்று இம்முறையை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். 2009 ஜனவரி 3 அன்று பிட்காயினின் முதற்கட்டு எழுதப்பட்டது.

இம்முறையைப் போற்றியோர், இனி மனிதர் மனிதரை நம்ப வேண்டியதில்லை, கணிதமே காவல் என்றனர். பதிவுகளைப் பொறுத்தவரை இக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் பேரேட்டை எந்த விதிப்படி எழுதுவது, விதியை மாற்ற வேண்டிவந்தால் யார் மாற்றுவது, மாற்றத்தை ஏற்காதவர் என்ன செய்வது ஆகிய வினாக்களுக்குக் கணிதம் விடை கூறவில்லை. அவ்வினாக்களுக்கு மனிதர்கள் கூடிப் பேசியே விடை காண வேண்டியிருந்தது. கூட்டாண்மையின் தேவையும் சமூகத்தின் தேவையும் அங்கேதான் தொடங்கின.

பிட்காயினில் எழுந்த பெரும்பூசல் இதற்கு முதற்சான்று. ஏறத்தாழப் பத்து நிமிடத்திற்கு ஒரு கட்டு எழுதப்படும் அவ்வமைப்பில், ஒரு கட்டின் அளவு 1 மெகாபைட்டுக்கு மேற்படலாகாது என 2010இல் வரம்பு கட்டப்பட்டது. பயனர் பெருகியபோது அவ்வரம்பு இடநெருக்கடியை உண்டாக்கியது. கட்டைப் பெரிதாக்கினால் ஒரே நேரத்தில் பலருடைய பரிமாற்றங்களைப் பதியலாம் என்பது ஒரு சாராரின் வாதம். கட்டுப் பெரிதானால் பேரேடும் விரைந்து பெருகும், சாதாரணக் கணினி வைத்திருப்போர் படி வைத்துக்கொள்ள இயலாது, இறுதியில் பெருநிறுவனங்களின் கையில் மட்டுமே ஏடு தங்கும் என்பது மறுசாராரின் அச்சம். இரு சாராரிடமும் நியாயம் இருந்தது. அதனாற்றான் பூசல் ஆண்டுக்கணக்கில் நீடித்தது.

2017 மே மாதம் நியூயார்க்கில் ஓர் உடன்படிக்கை வெளியிடப்பட்டது. 22 நாடுகளைச் சேர்ந்த 58 நிறுவனங்கள் அதில் ஒப்பமிட்டன. புதிய கட்டுகளை உருவாக்கும் கணிப்பு ஆற்றலில் 83 விழுக்காடு அந்நிறுவனங்களின் வசம் இருந்ததாக அவ்வறிக்கை கூறியது. செக்விட் என்னும் சீர்திருத்தத்தை முதலில் ஏற்பது, பின்னர்க் கட்டின் அளவை 2 மெகாபைட்டாக உயர்த்துவது என்பன அதன் இரு கூறுகள். பணமும் கருவியும் அந்நிறுவனங்களிடம் இருந்தன. ஆகவே முடிவு எட்டப்பட்டுவிட்டது என்றே பலரும் கருதினர்.

ஆயினும் தத்தம் வீட்டிலும் அலுவலகத்திலும் ஏட்டின் படியை வைத்துச் சரிபார்த்துவந்த பயனர்கள் அவ்வுடன்படிக்கையில் இல்லை. பிட்காயின் மென்பொருளைப் பல ஆண்டுகளாகப் பேணிவந்த வல்லுநர்களும் அதில் ஒப்பமிடவில்லை. நிறுவனங்கள் எந்த விதிப்படி கட்டு எழுதினாலும், தாங்கள் ஏற்ற விதிக்கு மாறானதைத் தங்கள் ஏட்டில் ஏற்றப்போவதில்லை எனப் பயனரில் ஒரு பகுதியினர் உறுதியாக நின்றனர். செக்விட் சீர்திருத்தம் 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. உடன்படிக்கையின் இரண்டாம் கூறு மட்டும் நிறைவேறவில்லை. போதிய இணக்கம் இல்லாத நிலையில் வற்புறுத்தினால் சமூகம் பிளவுபடும் எனக் கூறி, அதனை முன்னெடுத்தோரே 2017 நவம்பர் 8 அன்று கைவிட்டனர். இதற்கிடையில் பெரிய கட்டே வேண்டும் என்போர் 2017 ஆகஸ்டு 1 அன்று தனியே பிரிந்து, பிட்காயின் கேஷ் என்னும் வேறொரு பேரேட்டைத் தொடங்கிவிட்டனர்.

58 ஒப்பங்கள் சாதிக்காததை அறையில் இடம்பெறாத எளிய பயனர்கள் சாதித்தனர் என இந்நிகழ்ச்சியைப் பலர் வீரக்கதையாகச் சொல்வதுண்டு. அதைவிட முக்கியமான செய்தி ஒன்று இதில் இருக்கிறது. ஒரு கூட்டின் வலிமையைக் கையெழுத்திட்டவரை எண்ணி அறிய முடியாது. அம்முடிவைத் தாங்க வேண்டியவருள் எத்தனை பேர் அதில் கலந்துகொண்டனர் என்பதை எண்ணியே அறிய முடியும்.

இரண்டாவது சான்று ஈத்தீரியம். விட்டாலிக் பியூட்டரின் என்னும் இளைஞர் 2013இன் இறுதியில் வகுத்த திட்டம் இது. 2015 ஜூலை 30 அன்று இயங்கத் தொடங்கியது. பணப் பதிவோடு நில்லாமல், ஒப்பந்தங்களையே நிரலாக எழுதித் தாமே நிறைவேறச் செய்யலாம் என்பது இதன் சிறப்பு. 2016இல் ‘தி டிஏஓ’ என்னும் பொதுமுதலீட்டு அமைப்பு இதன்மேல் கட்டப்பட்டது. இயக்குநர் குழு இன்றி, உறுப்பினரின் வாக்கு ஒன்றாலேயே முதலீட்டை முடிவுசெய்யும் அமைப்பு எனக் கூறப்பட்ட அதில், சில வாரங்களில் ஏறத்தாழ 15 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் நாணயம் குவிந்தது. ஜூன் 17 அன்று நிரலில் இருந்த ஒரு பிழையைப் பயன்படுத்திப் பெயர் தெரியாத ஒருவர் ஏறத்தாழ 36 லட்சம் ஈதரைத் தனியே திருப்பிக்கொண்டார். அவ்வமைப்பின் விதிப்படி அதனைச் சில வாரங்களுக்கு வெளியே எடுக்க இயலாது. அந்தச் சில வாரங்களே சமூகம் கூடிச் சிந்திக்கக் கிடைத்த தவணை.

விவாதம் கடுமையாக நடந்தது. எழுதிய நிரலே சட்டம், அது இடம் கொடுத்ததை எடுத்தவரைத் தடுக்க ஏட்டைத் திருத்தினால், நாளை அதிகாரம் உள்ள எவரும் திருத்தக் கேட்பர் என்றனர் ஒரு சாரார். ஆயிரக்கணக்கானோரின் பொருள் கண்முன் பறிபோகையில் விதியின் பெயரால் வாளாவிருப்பது தகாது என்றனர் மற்றொரு சாரார். கருத்தறியும் வாக்கெடுப்பும் நடந்தது. புழக்கத்தில் இருந்த ஈதரில் சிறுபகுதியே அதில் பங்கேற்றது. பங்கேற்றோருள் மிகப்பெரும்பான்மையினர் மீட்பதையே விரும்பினர். 2016 ஜூலை 20 அன்று விதி மாற்றப்பட்டு, பொருள் உரியவர் திரும்பப் பெறும் வழி ஏற்படுத்தப்பட்டது. இதனை ஏற்காதவர்கள் பழைய ஏட்டையே தொடர்ந்து எழுதினர். அது ஈத்தீரியம் கிளாசிக் என்னும் பெயரில் இன்றும் இயங்குகிறது.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. பிரிவதற்கு முன் ஈதர் வைத்திருந்தவர் யாவர்க்கும் இரண்டு ஏட்டிலும் அவரவர் இருப்பு அப்படியே இருந்தது. மாற்றுக் கருத்துடையவர் வெறுங்கையுடன் வெளியேற்றப்படவில்லை. எந்தச் சங்கத்திலும் கருத்து வேறுபட்டவர் தம் பங்கை இழந்துதான் வெளியேற முடியும் என்றால், அங்கு நிலவும் ஒற்றுமை அச்சத்தின் மறுபெயராகவே இருக்கும். பிரிந்து செல்லும் உரிமை இருந்தும் பெரும்பாலோர் சேர்ந்திருந்தனர் எனின், அச்சேர்க்கைக்கு மதிப்பு உண்டு. பிளவினால் இழப்பே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. உழைப்பும் நன்மதிப்பும் இரண்டாகப் பகிர்ந்தன. நண்பர்கள் பகைவராயினர். ஆயினும் அந்த விலையைக் கொடுத்தவர்கள் அறிந்தே கொடுத்தனர்.

அதே ஆண்டு செப்டம்பரில், ஈத்தீரிய வல்லுநர்கள் ஷாங்காய் நகரில் மாநாட்டுக்காகக் கூடியிருந்த வேளையில், வலையமைப்பின்மீது தொடர் தாக்குதல் நிகழ்ந்தது. பெரும்பாலோர் பயன்படுத்திய கெத் என்னும் மென்பொருள் செயலிழந்தது. எனினும் பேரேடு நின்றுபோகவில்லை. பாரிட்டி என்னும் மற்றொரு மென்பொருளை வேறொரு குழுவினர் தனியே எழுதியிருந்தனர். கெத் தடுமாறியபோது பாரிட்டியில் இயங்கிய கணினிகள் ஏட்டைத் தாங்கிப் பிடித்தன.

ஒரே விதிநூலைப் படித்து, வெவ்வேறு குழுவினர் வெவ்வேறு நிரல்மொழியில் தனித்தனியே மென்பொருள் எழுதுவது ஈத்தீரியத்தின் வழக்கம். கெத் கோ மொழியில் எழுதப்பட்டது. நெதர்மைண்ட் சி ஷார்ப்பில், டெக்கு ஜாவாவில், லைட்ஹவுஸ் ரஸ்டில், நிம்பஸ் நிம் மொழியில் அமைந்தவை. மேலோட்டமாகக் காண்போர்க்கு இது வீண்செலவு எனத் தோன்றும். ஒரு குழு செய்த வேலையை ஐந்து குழுக்கள் ஏன் செய்ய வேண்டும்? ஒருவர் செய்த பிழையை மற்றவரும் அப்படியே செய்வது அரிது என்பதே விடை. ஈத்தீரிய அறக்கட்டளை எல்லாவற்றையும் தானே எழுதித் தன்னிடமே வைத்துக்கொள்ள முயலவில்லை. வெவ்வேறு நாடுகளில் இருந்த தனிக்குழுக்களுக்கு நல்கை வழங்கி வளர்த்தது. அக்குழுக்கள் ஒன்றையொன்று போட்டியாளராகக் கருதி மறைக்காமல், தவறு கண்டபோது ஒன்றுக்கொன்று அறிவித்துச் சோதனைகளில் சேர்ந்து உழைத்தன.

அவ்வுழைப்பின் பயன் 2022 செப்டம்பர் 15 அன்று வெளிப்பட்டது. பெருமளவு மின்சாரத்தை விழுங்கும் பழைய சரிபார்ப்பு முறையைக் கைவிட்டு, நாணயத்தைப் பிணையாக வைத்துச் சரிபார்க்கும் புதிய முறைக்கு ஈத்தீரியம் மாறியது. ஓடும் வண்டியை நிறுத்தாமலே எந்திரத்தை மாற்றியதற்கு ஒப்பான பணி அது. அதன் மின்செலவு 99 விழுக்காட்டுக்கும் மேலாகக் குறைந்தது. எந்தத் தனி நிறுவனமும் ஆணையிட்டு அம்மாற்றத்தை நடத்தவில்லை.

அம்மாற்றத்திற்கு முன் நிகழ்ந்த ஒரு செய்தி இன்னும் சிறப்புடையது. 2022இன் தொடக்கத்தில் பிரிசம் என்னும் மென்பொருள் ஒன்றையே சரிபார்ப்போருள் மூன்றில் இரு பங்கினர்வரை பயன்படுத்திவந்தனர். அதில் பிழை நேர்ந்தால் பிழையான ஏடே மெய்யான ஏடாக உறுதிப்பட்டுவிடும் இடர் இருந்தது. எனவே வேறு மென்பொருளுக்கு மாறுங்கள் என்னும் வேண்டுகோள் சமூகத்தில் எழுந்தது. பிரிசத்தை ஆக்கியவர்களே அவ்வேண்டுகோளை ஆதரித்தனர். தம் கடைக்கு வரும் கூட்டம் அளவுக்கு மீறிவிட்டது, அடுத்த கடைக்கும் செல்லுங்கள் என்று கடைக்காரரே சொல்வதைப் போன்றது அது. பலர் மாறினர். 2023 மே மாதத்தில் பிரிசமும் டெக்குவும் மிகுசுமையால் தடுமாறி, ஏட்டுப் பதிவுகளை இறுதிசெய்வது சிறிது நேரம் தடைப்பட்டது. அச்சுமையைத் தாங்கவல்ல ஏனைய மென்பொருள்கள் பரவலாக இயங்கியதால் புதிய கட்டுகள் தொடர்ந்து எழுதப்பட்டன, அமைப்பும் தானாகவே மீண்டெழுந்தது. முந்திய ஆண்டு விட்டுக்கொடுத்ததன் பயன் அது.

இதற்கு மறுதலையான ஒரு வரலாறும் உண்டு. உலகக் கடல் வணிகத்தில் ஒரு சரக்குப் பெட்டி புறப்பட்டுச் சேரும்வரை எத்தனை தாள்கள் கைமாறுகின்றன என்பதை மெர்ஸ்க் என்னும் டென்மார்க் கப்பல் நிறுவனம் 2014இல் ஆராய்ந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குச் செல்லும் குளிரூட்டிய சரக்கு ஒன்றில் ஏறத்தாழ 30 தரப்பினர் தொடர்புகொள்வதும், அவர்களிடையே 200க்கு மேற்பட்ட தகவல் பரிமாற்றங்கள் நிகழ்வதும் தெரியவந்தது. தாள் ஒன்று தாமதமானால் பெட்டி துறைமுகத்திலேயே கிடக்கும். இவ்விடரைத் தீர்க்க ஐபிஎம் நிறுவனமும் மெர்ஸ்க்கும் 2018இல் டிரேட்லென்ஸ் என்னும் பொதுத்தளத்தைத் தொடங்கின. கப்பல் நிறுவனம், துறைமுகம், சுங்கத்துறை, சரக்குரிமையாளர் ஆகிய அனைவரும் ஒரே ஏட்டைக் காண்பர் என்பது நோக்கம். நோக்கத்திலும் நுட்பத்திலும் குறை காண்பதற்கில்லை.

இடர் வேறிடத்தில் இருந்தது. மெர்ஸ்க் கடல் வணிகத்தில் மிகப்பெரும் போட்டியாளர். அந்நிறுவனத்துக்கு உரிமையுள்ள ஏட்டில் தங்கள் வணிகச் செய்தியை ஏன் எழுத வேண்டும் என ஏனைய நிறுவனங்கள் தயங்கின. ஐயத்தை வெளிப்படையாகவே பேசினர். 2019இல் எம்எஸ்சி, சிஎம்ஏ சிஜிஎம், ஹபாக் லாய்டு, ஒன் ஆகிய பெருநிறுவனங்கள் சேர்வதாக அறிவித்தன. அறிவிப்புகள் பெருகியும் அனைவரும் முழுமனத்தோடு கூடி இயங்கும் நிலை வரவில்லை. 2022 நவம்பர் 29 அன்று டிரேட்லென்ஸ் மூடப்படும் என்னும் அறிவிப்பு வந்தது. உலகளவில் தொழில்துறையின் முழு ஒத்துழைப்பு கிட்டவில்லை என்பதே காரணமாகக் கூறப்பட்டது. ஏடு பலர் கையில் இருந்தபோதும் ஏட்டின் உரிமை பலர் கைக்கு வரவில்லை. ஐயம் முதல்நாளிலேயே விதைக்கப்பட்டுவிட்டது. பின்னர்ச் செய்த திருத்தங்களால் அதனைக் களைய இயலவில்லை.

ஃபேஸ்புக் நிறுவனம் 2019 ஜூன் 18 அன்று அறிவித்த லிப்ரா நாணயமும் இவ்வாறே. தொடக்க உறுப்பினராக 28 அமைப்புகளின் பெயர்ப் பட்டியல் வெளிவந்தது. உலகறிந்த பெயர்கள் அவை. பல நாட்டு அரசுகள் கேள்வி கேட்கத் தொடங்கியதும் அக்டோபர் மாதத்தில் பேபால், விசா, மாஸ்டர்கார்டு முதலியன விலகின. அக்டோபர் 14 அன்று ஜெனீவாவில் உறுப்பினர் சாசனத்தில் ஒப்பமிட்டவை 21. பெயர் டியம் என மாறிய பின்னரும் அத்திட்டம் கரையேறவில்லை. 2022 ஜனவரியில் அதன் உடைமைகள் விற்கப்பட்டன. பெயரைத் தருவது எளிது. துன்பம் வரும்போதும் நிற்பதற்குத் தம் பொருளையும் உழைப்பையும் அதில் இட்டிருக்க வேண்டும். பெயர் மட்டும் இட்டவர்க்கு விலகுவதில் இழப்பு ஏதும் இல்லை.

இவையெல்லாம் பெருநிறுவனங்களின் கதைகள். குடும்பங்களை நேரே தாக்கும் கதை ஒன்றையும் சொல்லாமல் இவ்வுரை நிறைவுபெறாது. பிட்கனெக்ட் என்னும் திட்டம் 2016 முதல் பரவியது. தானியங்கி வணிக மென்பொருள் ஈட்டித்தரும் எனக் கூறி நாள்தோறும் வருவாய் தருவதாக வாக்களித்தது. புதியவரைச் சேர்ப்பவர்க்குத் தரகும் உண்டு. உலகெங்கும் கூட்டங்கள், மேடைகள், ஆரவாரங்கள் நடந்தன. 2017 அக்டோபரில் தாய்லாந்தில் ஒரு பெருவிழாவே எடுக்கப்பட்டது. சமூகம், குடும்பம் என்னும் சொற்கள் ஓயாமல் ஒலித்தன. 2018 ஜனவரியில் கடன் திட்டம் திடீரென மூடப்பட்டது. நாணயத்தின் மதிப்பு சில நாட்களில் அடியோடு சரிந்தது. ஏறத்தாழ 240 கோடி டாலர் அளவிலான மோசடி என அமெரிக்க நீதித்துறை பின்னர்க் கூறியது. அதில் இழந்தோர் பல நாட்டவர். இந்தியரும் அவருள் இருந்தனர்.

இதனை ஈத்தீரியத்தின் சமூகத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அங்கே உறுப்பினர் ஏட்டைச் சரிபார்த்தனர், மென்பொருள் எழுதினர், ஒருவரையொருவர் மறுத்துப் பேசினர். இங்கே உறுப்பினர் செய்த பணி ஒன்றே ஒன்று, அடுத்த உறுப்பினரைச் சேர்ப்பது. அங்கே மறுத்தவர் தம் பங்குடன் பிரிந்தனர். இங்கே வினவியவர் பொறாமைக்காரர் எனப் பட்டம் பெற்றனர். கைதட்டும் கூட்டம் எவ்வளவு பெரிதாயினும், கணக்குக் கேட்க இயலாதெனின் அதனைச் சமூகம் எனல் பொருந்தாது.

எனவே கூட்டாண்மை பற்றிய செய்தி வரும்போது, சேர்ந்த நிறுவனங்களின் பெயரை எண்ணிக் களிப்பதற்கு முன் சிலவற்றை வினவ வேண்டும். ஏட்டின் விதியை மாற்றும் உரிமை யாரிடம் உள்ளது? சேர்ந்தவர் தம் பொருளையும் உழைப்பையும் இட்டுள்ளனரா, பெயரை மட்டும் தந்துள்ளனரா? உடன்படாதவர் தமக்குரியதை எடுத்துக்கொண்டு வெளியேற வழி உண்டா? ஒருவர் வீழ்ந்தால் ஏட்டைத் தாங்க வேறொருவர் இருக்கிறாரா? இவை எல்லாவற்றிற்கும் மேலாக, இக்கூட்டில் வலியவர் எதனை விட்டுக்கொடுத்தார்? நியூயார்க் உடன்படிக்கையும் டிரேட்லென்ஸும் லிப்ராவும் இந்த இறுதி வினாவிற்கு விடை கூற முடியாமல் நின்றன. பிரிசத்தை ஆக்கியவர்கள் விடை கூறினர்.

இத்துறையில் பணிபுரியும் இளைஞர்க்கு இவ்வினாக்கள் தொழில்வழி காட்டும். முதியோர்க்கு இவை சேமிப்பைக் காக்கும் பூட்டாகும். இன்று மாலையே எவரேனும் ‘பெரிய நிறுவனங்கள் எங்களோடு இருக்கின்றன, நீங்களும் வாருங்கள்’ என்று அழைக்கக்கூடும். அவரிடம் அமைதியாக, ‘நான் இட்ட பணத்தை நாளையே திரும்பக் கேட்டால் தருவீர்களா? கணக்கை நானே சரிபார்க்க முடியுமா?’ என்னும் இரு கேள்விகளைக் கேளுங்கள். நேரிய விடை வராமல் அவசரப்படுத்தும் பேச்சு வந்தால், தொலைபேசியை வைத்துவிடலாம். வீட்டிலுள்ள இளையோரிடம் அச்செய்தியைச் சொல்லிக் கலந்து முடிவெடுங்கள். இழந்தவர் இருந்தால் அவரைக் குறை கூறாமல் அருகிருந்து கேளுங்கள். நாணத்தால் மறைக்கப்படும் இழப்பே அடுத்தவர் வீட்டிலும் இழப்பாக முளைக்கிறது.